ஹேண்டி பேசவில்லையா? கழற்றுவதற்கு முன் வரிசையாகப் பார்க்க வேண்டியவை

"செட் ரிப்பேர் சார்" என்று என் கையில் கொடுக்கப்பட்ட ஹேண்டிகளில், அதாவது அமெச்சூர் (ஹாம்) வானொலிக்காரர்கள் பேசும் கையடக்க வயர்லெஸ் செட்டுகளில், பெரும்பாலானவற்றுக்கு ஸ்க்ரூ டிரைவரே தேவைப்பட்டதில்லை. மெனுவில் ஏதோ ஒன்று மாறியிருக்கும், ஆண்டெனா சரியாக உட்கார்ந்திருக்காது, அல்லது ஆள் நிற்கிற இடம் சரியிருக்காது. இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஆனால் புதியவர்கள் ஒரே மூச்சில் டோனை (குரலோடு சேர்ந்து போகும் அடையாள ஒலி) மாற்றி, ஆண்டெனாவை மாற்றி, மொட்டை மாடிக்கும் ஏறிவிடுகிறார்கள். அப்புறம் எது சரிப்பட்டது, எது கெட்டது என்று யாருக்கும் தெரிவதில்லை.

ஆகவே இங்கே ஒரே வரிசைதான்: பேட்டரி, கேட்பது, ஆண்டெனா, நேரடிப் பேச்சு, ரிப்பீட்டர் (உயரத்தில் நின்று நம் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்), நிற்கும் இடம். ஒரு படி தேறிய பிறகே அடுத்த படி. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான் சொல்வதெல்லாம் 2 மீட்டர், 70 சென்டிமீட்டர் பேண்டுகளில் எஃப்எம் பேசும் 5 வாட் அளவுள்ள கையடக்க செட்டுகளுக்குப் பொருந்தும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் லைசென்ஸ். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் அமெச்சூர் லைசென்ஸும் கால் சைனும் (உங்களுக்கான அழைப்புக் குறி) இல்லாமல் பிடிடியை (பேசுவதற்கு அழுத்தும் பட்டன்) அழுத்தாதீர்கள். லைசென்ஸ் வந்த பிறகும் நம் நாட்டில் 2 மீட்டர் என்றால் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ், 70 சென்டிமீட்டர் என்றால் 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ். பல செட்டுகள் 136 முதல் 174 வரை எங்கே விட்டாலும் டிரான்ஸ்மிட் செய்யும். 156 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே கப்பல்கள் பேசுகின்றன. ஒரு எண்ணைத் தவறாக அழுத்தினால் அங்கே போய் நிற்பீர்கள். செட் விடுகிறது என்பதற்காகச் சட்டம் விடாது.

அடுத்து, முழுதாக சார்ஜ் ஏறிய பேட்டரி, ஒரு மல்டிமீட்டர், பென்சில் அழிக்கும் ரப்பர், ஒரு நோட்டு, பேனா. நோட்டு எதற்கு என்றால், எந்த மெனுவை எதிலிருந்து எதற்கு மாற்றினீர்கள் என்று எழுதத்தான். இதை யாரும் செய்வதில்லை. செய்கிறவர்கள் பாதி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள்.

உங்கள் ஊர் ரிப்பீட்டரைப் பற்றி நான்கு தகவல்கள் வேண்டும்: அது டிரான்ஸ்மிட் செய்யும் அலைவரிசை, ஷிஃப்ட் (அது அனுப்பும் அலைவரிசைக்கும் கேட்கும் அலைவரிசைக்கும் உள்ள வித்தியாசம்) எந்தப் பக்கம் எவ்வளவு, டோன் எத்தனை ஹெர்ட்ஸ், சிக்னலின் அகலம் வைடா நேரோவா. உள்ளூர் கிளப்பில் தினமும் நெட் (குறித்த நேரத்தில் எல்லோரும் கூடிப் பேசுவது) நடத்துகிற ஒருவரிடம் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் பல எப்போதோ நின்றுபோன ரிப்பீட்டர்களையும் சுமந்துகொண்டிருக்கின்றன.

கடைசியாக, இன்னொரு ஹேண்டி வைத்திருக்கும் நண்பர். அவர் இல்லாமல் ஐந்தாம் படியைத் தாண்ட முடியாது.

2. பேட்டரியை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள்

ஹேண்டி பேட்டரிகளில் பெரும்பாலும் இரண்டு லித்தியம் செல்கள் தொடராக இருக்கும். பெயருக்கு 7.4 வோல்ட், முழுதாக ஏறினால் 8.4 வோல்ட். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்ததும் எடுத்து மீட்டரில் பாருங்கள். 8.2-க்கு மேல் இருந்தால் நல்லது. 7.8-இல் நிற்கிறது என்றால் சார்ஜரும் பேட்டரியும் சரியாகத் தொட்டுக்கொள்ளவில்லை, அல்லது செல் ஒன்று களைத்துவிட்டது.

ஆனால் சும்மா இருக்கும்போது காட்டும் வோல்டேஜ் பாதிக் கதைதான். கேட்கும்போது செட் இழுக்கும் கரண்ட் மிகச் சிறியது. 5 வாட்டில் பிடிடியை அழுத்தினால் அது ஏறக்குறைய ஒன்றரை ஆம்பியருக்குத் தாவும். பழைய பேட்டரி அந்த இடத்தில்தான் மடங்கும். அழுத்தியதும் திரை மங்குகிறது, செட் அணைந்து மறுபடி பூட் ஆகிறது, லோ பவரில் மட்டும் பேச வருகிறது என்றால், டிரான்ஸ்மிட்டரைச் சந்தேகிக்காதீர்கள். பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

மாற்றுப் பேட்டரி இல்லையா? செட்டின் பின்பக்கத் தகடுகளையும் பேட்டரியின் தகடுகளையும் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். கடலோர ஊர்களில் இந்தத் தகடுகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் ஏறிவிடும். அது சிறு கரண்டுக்கு வழிவிடும், பெரிய கரண்டுக்கு முட்டுக்கட்டை போடும். உப்புத் தாள் வேண்டாம். முலாம் போய்விட்டால் துரு வீட்டுக்குள்ளேயே குடியேறிவிடும்.

சார்ஜர் தொட்டியில் வைத்தபடியே பேசுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. டிரான்ஸ்மிட் ஆகும்போது கிளம்பும் ரேடியோ அலை சார்ஜரின் கட்டுப்பாட்டுச் சுற்றைக் குழப்பலாம். எடுத்துப் பேசிவிட்டு மறுபடி வையுங்கள்.

3. பேசும் முன் கேளுங்கள்

ரிசீவர் வேலை செய்கிறது என்று உறுதியாகாமல் டிரான்ஸ்மிட் பக்கம் போகவே கூடாது. நீங்கள் பேசியது போய்ச் சேர்ந்ததா என்பதை உங்களுக்குச் சொல்லப்போவது அந்த ரிசீவர்தான்.

விஎஃப்ஓ-வுக்கு (அலைவரிசை எண்ணை நேராக அடிக்கும் நிலை) வாருங்கள். வால்யூமைப் பாதிக்கு வையுங்கள். பக்கவாட்டில் இருக்கும் மானிட்டர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். "ஸ்ஸ்ஸ்" என்று சீராக இரைச்சல் வந்தால் ஸ்பீக்கர், ஆடியோ, வால்யூம் மூன்றும் சரி. இரைச்சலே இல்லை என்றால் இயர்ஃபோன் குழியைப் பாருங்கள். ஸ்பீக்கர் மைக்கை அரைகுறையாகச் செருகியிருந்தாலோ, குழிக்குள் அழுக்கு இருந்தாலோ, உள் ஸ்பீக்கருக்குப் போகும் இணைப்பு அறுந்து நிற்கும். அதே அரைகுறைச் செருகல்தான் சில சமயம் பிடிடியையும் அழுத்தியபடியே வைத்திருக்கும். யாரோ ஒருவர் அரை மணி நேரமாகச் சேனலை அடைத்துக்கொண்டு, தன் வீட்டுக் குக்கர் விசில் சத்தத்தை ஊருக்கே ஒலிபரப்பினார் என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மானிட்டரில் இரைச்சல் வருகிறது, விட்டதும் மயான அமைதி. அப்போது மூன்றைப் பாருங்கள்.

ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் அமைப்பு) எண் அதிகமாக இருக்கலாம். 1-க்கோ 2-க்கோ இறக்குங்கள்.

ரிசீவ் டோன் போட்டிருக்கலாம். இதை முதலில் அணையுங்கள். ஏன் என்று ஆறாம் படியில் சொல்கிறேன்.

ஸ்டெப் (அலைவரிசை எண் எவ்வளவு எவ்வளவாக நகரும் என்பது) தவறாக இருக்கலாம். ஸ்டெப் 25 கிலோஹெர்ட்ஸில் இருக்கும்போது 145.6125 என்று அடித்தால் செட் தானாகவே பக்கத்து எண்ணுக்கு நகர்த்திவிடும். ஸ்டெப்பை 12.5-க்கு மாற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். அடித்த எண்ணைத் திரையில் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள்.

நான்காவது ஒன்றும் உண்டு: யாருமே பேசவில்லை. பகல் 11 மணிக்கு ரிப்பீட்டர் காலியாகக் கிடப்பது சகஜம். உங்கள் ஊர் நெட் எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொண்டு அந்த நேரத்தில் கேளுங்கள்.

4. ஆண்டெனா

ஆண்டெனா இல்லாமல் பிடிடியை அழுத்தாதீர்கள். வெளியே போக வேண்டிய சக்தி திரும்பி வந்து இறுதி டிரான்சிஸ்டரைச் சூடாக்கும். ஒரு தடவை தப்பிக்கலாம், பத்தாவது தடவை தப்பிக்காது.

இணைப்பைக் கண்ணால் பாருங்கள். பெரும்பாலான ஹேண்டிகளில் எஸ்எம்ஏ இணைப்புதான், ஆனால் அதில் இரண்டு சாதி. சில கம்பெனி செட்டுகளில் செட் பக்கம் ஓட்டையும் ஆண்டெனா பக்கம் ஊசியும் இருக்கும். பல சீன செட்டுகளில் இது தலைகீழ். வைஃபை கருவிகளில் வரும் தலைகீழ் எஸ்எம்ஏ (RP-SMA) ஆண்டெனாவைத் திருகினால் சில சமயம் மரை பிடித்துக்கொள்ளும், உட்கார்ந்தது போலவும் தோன்றும். நடுவில் ஊசி மட்டும் இருக்காது. பார்வைக்கு ஆண்டெனா, நடைமுறையில் ஆண்டெனாவே இல்லாத செட். கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு பக்கம் ஊசியும் மறுபக்கம் ஓட்டையும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

திருகும்போது ஆண்டெனாவின் அடிப்பகுதியைப் பிடித்துத் திருகுங்கள். நுனியைப் பிடித்துத் திருகினால் உள்ளே இருக்கும் சுருள் அடியோடு பிய்ந்துவிடும். விரல் இறுக்கம் போதும். செட்டைத் தூக்க ஆண்டெனாவைக் கைப்பிடியாகப் பயன்படுத்தாதீர்கள். எஸ்எம்ஏ குழி சர்க்யூட் போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது; ஒவ்வொரு தடவை ஆட்டும்போதும் அந்தப் பற்று கொஞ்சம் விரிசல் விடும். அசைத்தால் சிக்னல் வருகிறது, விட்டால் போகிறது என்ற புகாருக்கு இதுதான் பொருள்.

இனி, பலர் யோசிக்காத விஷயம். குட்டை ரப்பர் ஆண்டெனா அரை ஆண்டெனாதான். மறுபாதி, செட்டும் அதைப் பிடித்திருக்கும் உங்கள் கையும் உடம்பும். அதனால்தான் மேசை மேல் வைத்த செட் மோசமாகவும், கையில் எடுத்ததும் கொஞ்சம் நன்றாகவும் கேட்கிறது. இந்த மறுபாதியை ஒரு கம்பியால் செய்துகொள்ளலாம். 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 2.07 மீட்டர். அதில் கால் பங்கு 51.7 சென்டிமீட்டர், கம்பியில் 5 சதவீதம் குறைத்தால் 49 சென்டிமீட்டர். சாதாரண வயரிங் கம்பியில் 49 சென்டிமீட்டர் வெட்டி, ஒரு முனையில் தோலைச் சீவி, எஸ்எம்ஏ-யின் வெளி வளையத்தைச் சுற்றி ஒரு கண்ணி போட்டு, ஆண்டெனாவைத் திருகுங்கள். கம்பி வால் போலக் கீழே தொங்க வேண்டும். நடு ஊசியைத் தொடக் கூடாது, தொட்டால் ஷார்ட். பத்து ரூபாய்ச் செலவில் இவ்வளவு வித்தியாசம் தரும் வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

செட்டை நிமிர்த்திப் பிடியுங்கள். ரிப்பீட்டரின் ஆண்டெனா செங்குத்தாக நிற்கிறது. உங்களுடையது படுத்திருந்தால் சிக்னல் கணிசமாகக் குறையும். பேசும்போது செட்டைச் சாய்த்து வாயருகே கொண்டுபோகும் பழக்கம் சினிமா போலீஸைப் பார்த்து வந்தது. பெல்ட்டில் மாட்டியபடி ஸ்பீக்கர் மைக்கில் பேசுவதும் அப்படித்தான். இடுப்பு பாதியை விழுங்கிவிடும்.

வெளி ஆண்டெனாவுக்கு நீளமான மெல்லிய கேபிள் போடுகிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கட்டும். ஆர்ஜி-58 கேபிள் 10 மீட்டருக்கு 145 மெகாஹெர்ட்ஸில் சுமார் 2 டெசிபல் தின்னும். 435-இல் மூன்றரை டெசிபலுக்கு மேல், அதாவது பாதி சக்தி கேபிளிலேயே சூடாகிப் போய்விடும். மொட்டை மாடி உயரம் அதைவிட அதிகம் ஈட்டித் தருமா என்று பார்த்துத்தான் போட வேண்டும். வழக்கமாகத் தரும், 25 மீட்டர் கேபிள் என்றால் 70 சென்டிமீட்டரில் தராது.

5. ரிப்பீட்டர் இல்லாமல் ஒருவரோடு பேசுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம். ரிப்பீட்டர் என்றால் ஷிஃப்ட், டோன், மலை, தூரம் எல்லாம் ஒன்றாக வந்துவிடும். சிம்ப்ளக்ஸில், அதாவது ஒரே அலைவரிசையில் நேரடியாகப் பேசும்போது, அவை எதுவும் இல்லை. செட் டிரான்ஸ்மிட் செய்கிறதா, குரல் போகிறதா என்பது மட்டும் தெரியும்.

நண்பரும் நீங்களும் பேண்டுக்குள் காலியாக இருக்கும் ஒரே அலைவரிசைக்கு வாருங்கள். ஷிஃப்ட் அணை. இரண்டு டோனும் அணை. பவர் லோ. நண்பர் குறைந்தது 100 மீட்டராவது தள்ளி நிற்கட்டும். ஒரே அறையில் இரண்டு செட்டுகளை வைத்துச் சோதிக்காதீர்கள். அவ்வளவு பக்கத்தில் ரிசீவர் திணறிக் குரல் சிதையும், ஊளையிடும். நல்ல செட்டைக் கெட்டது என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

அலைவரிசை காலியா என்று கேட்டுவிட்டு, கால் சைனைச் சொல்லி அழையுங்கள். "விக்டர் யூனிஃபார்ம் த்ரீ" என்று தொடங்கி உங்கள் எழுத்துகளை அதே முறையில், நிதானமாக.

நண்பரின் செட்டில் சிக்னல் மீட்டர் ஏறுகிறது, குரல் இல்லை என்றால் உங்கள் மைக் ஓட்டையைப் பாருங்கள். புதுச் செட்டின் மேல் ஒட்டிய பாலித்தீன் தாளை எடுக்காமலே ஒரு மாதம் பேசியவரை எனக்குத் தெரியும். குரல் மெலிதாக இருக்கிறது என்றால் வைடு-நேரோ அமைப்பு. நேரோ செட்டின் குரல் வைடு செட்டில் பாதி அளவாகக் கேட்கும். எதிர்த்திசையில் உரக்கவும் சிதைந்தும் கேட்கும். இருவரும் ஒன்றில் நில்லுங்கள்.

பிடிடி அழுத்தியும் சிவப்பு விளக்கு எரியவே இல்லையா? கீ லாக், அல்லது பிசி (busy) சேனல் லாக். இந்த இரண்டாவது அமைப்பு, சேனலில் ஏதேனும் சிக்னல் இருக்கும்வரை உங்களை டிரான்ஸ்மிட் செய்யவிடாது. அலுவலக வாக்கிகளுக்காக வந்த வசதி. நமக்கு வேண்டாம், அணைத்துவிடுங்கள்.

டூயல் வாட்சையும் இந்தச் சோதனை முடியும்வரை அணைத்து வையுங்கள். செட் இரண்டு சேனல்களை மாறிமாறிக் கேட்கும்போது, கீழ்ச் சேனலில் யாரோ பேசி முடித்த கணத்தில் நீங்கள் பிடிடியை அழுத்தினால், சில செட்டுகள் அந்தக் கீழ்ச் சேனலிலேயே உங்கள் பதிலை அனுப்பிவிடும்.

6. ரிப்பீட்டர்

ஏற்காட்டில் ஒரு முகாமில் கல்லூரி மாணவர் ஒருவர் பத்து நிமிடமாக ரிப்பீட்டரை அழைத்துக்கொண்டிருந்தார். "எடுக்கவே மாட்டேங்குது சார்." பக்கத்தில் நின்ற என் செட்டில் மூன்று பேர் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எரிச்சலாகவே, "தம்பி, நீங்க நல்லா வர்றீங்க, கேக்குதா?" என்றார். மாணவரின் செட்டில் சத்தமில்லை. பச்சை விளக்கு மட்டும் எரிந்து எரிந்து அணைந்தது.

டிரான்ஸ்மிட் டோனோடு சேர்த்து ரிசீவ் டோனையும் போட்டிருந்தார். இரண்டும் வேறு வேறு வேலை. டிரான்ஸ்மிட் டோன் நீங்கள் ரிப்பீட்டரிடம் காட்டும் சாவி. அது இல்லாவிட்டால் ரிப்பீட்டர் கதவைத் திறக்காது. ரிசீவ் டோன் உங்கள் காதுக்கு நீங்களே போட்டுக்கொள்ளும் பூட்டு. அந்த டோன் வராத எதையும் செட் ஒலிக்கவிடாது. ரிப்பீட்டர் டோனைத் திரும்ப அனுப்பாவிட்டால், எல்லோருக்கும் நீங்கள் கேட்பீர்கள், உங்களுக்கு யாரும் கேட்க மாட்டார்கள். சிக்னல் விளக்கு எரிந்து ஒலி வராவிட்டால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

பலர் கையில் இருக்கும் பாவ்ஃபெங் யூவி-5ஆரில் மெனு 13 டிரான்ஸ்மிட் டோன், 11 ரிசீவ் டோன், 25 ஷிஃப்ட் திசை, 26 ஷிஃப்ட் அளவு. வேறு செட் என்றால் கையேட்டில் இந்த நான்கையும் தேடி நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இனி வரிசை:

முதலில் ரிப்பீட்டர் டிரான்ஸ்மிட் செய்யும் அலைவரிசையை விஎஃப்ஓ-வில் அடியுங்கள். அதுதான் நீங்கள் கேட்க வேண்டியது.

பிறகு ஷிஃப்ட். 2 மீட்டரில் வழக்கம் மைனஸ் 600 கிலோஹெர்ட்ஸ். உதாரணத்துக்கு ரிப்பீட்டர் 145.600-இல் ஒலித்தால் அது கேட்பது 145.000-இல். அளவை 0.600 என்று போட வேண்டும். இங்கே புள்ளி இடம் மாறி 6.000 ஆகிவிட்டால் நீங்கள் 139.600-க்குப் போய்விடுவீர்கள், பேண்டுக்கு வெளியே. அளவு சரியாக இருந்தும் திசை அணைந்திருந்தால் ரிப்பீட்டரின் சொந்த அலைவரிசையிலேயே கத்திக்கொண்டிருப்பீர்கள்.

இதைச் சரிபார்க்க எளிய வழி, பிடிடியை அழுத்தும்போது திரையைப் பார்ப்பது. 145.600 என்றிருந்த எண் 145.000-க்கு மாற வேண்டும். மாறாவிட்டால் மேற்கொண்டு எதுவும் தேட வேண்டியதில்லை.

மூன்றாவதாக டோன். சிடிசிஎஸ்எஸ் எனப்படும் இந்த டோன்கள் 67.0 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரை பட்டியலாக வரும். 88.5-க்குப் பக்கத்தில் 85.4-உம் 91.5-உம் உட்கார்ந்திருக்கும். ஒரு அழுத்தம் கூடினால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள். டோனைப் போட்ட பின் மெனுவை விட்டு வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்ப் படித்துப் பாருங்கள். உறுதிப்படுத்தும் பட்டனை அழுத்தாமல் வந்திருந்தால் பழைய எண்ணே இருக்கும்.

எல்லாம் வேலை செய்த பிறகே மெமரியில் சேமியுங்கள். மெமரி சேனலில் நின்றுகொண்டு மெனுவில் மாற்றுவது பல செட்டுகளில் நிலைக்காது. அடுத்த தடவை ஆன் செய்ததும் பழையபடி ஆகிவிடும்.

இப்போது அழையுங்கள். கால் சைனைச் சொல்லிப் பிடிடியை விட்டதும் ஒரு விநாடி கவனியுங்கள். ரிப்பீட்டர் உங்களை எடுத்திருந்தால், நீங்கள் விட்ட பிறகும் அதன் சிக்னல் சற்று நேரம் நிற்கும். இதைத்தான் வால் என்போம். சில ரிப்பீட்டர்கள் ஒரு பீப் கொடுக்கும். கால் சைன் சொல்லாமல் வெறுமனே பிடிடியைத் தட்டித் தட்டி இதைச் சோதிக்காதீர்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு அது நச்சரிப்பு.

வால் வரவில்லை என்றால் திரையில் சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரைப் பாருங்கள். மற்றவர்கள் ரிப்பீட்டர் வழியாகப் பேசும்போது மீட்டர் முழுதாக ஏறுகிறது, உங்களுக்கு மட்டும் வால் ஒரு தடவைகூட வரவில்லை என்றால் அமைப்பில் தப்பு. டோனையும் ஷிஃப்ட்டையும் மறுபடி பாருங்கள். மீட்டர் பாதிதான் ஏறுகிறது, வால் சில சமயம் வருகிறது, சில சமயம் இல்லை என்றால் அமைப்பு சரி, சிக்னல் போதவில்லை. மெனுவைத் தொடாதீர்கள், அடுத்த படிக்குப் போங்கள். இந்த இடத்தில் மெனுவைக் குடைய ஆரம்பித்துத்தான் சரியாக இருந்ததையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

"எனக்கு ரிப்பீட்டர் தெளிவாகக் கேட்கிறதே, அதற்கு நான் ஏன் கேட்கவில்லை?" என்று அடிக்கடி கேட்பார்கள். ரிப்பீட்டர் 25 வாட்டில் பேசுகிறது என்று வையுங்கள். உங்கள் 5 வாட் அதைவிட 7 டெசிபல் குறைவு. பாதை ஒன்றுதான், போகிற சிக்னல் மட்டும் மெலிது.

7. நிற்கும் இடம்

இந்த அலைவரிசைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ தொடுவானம் கிலோமீட்டரில் வரும். கையில் பிடித்த செட், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் என்றால் 5 கிலோமீட்டர். இருவரும் சமவெளியில் நின்றால் 10. நடுவில் கட்டடங்கள் வந்தால் அதிலும் பாதி தேறாது. 1500 மீட்டர் உயர மலையில் இருக்கும் ரிப்பீட்டருக்கு அந்தத் தொடுவானம் சுமார் 160 கிலோமீட்டர். 5 வாட்டை 8 வாட்டாக்கச் செலவு செய்வதைவிட இரண்டு மாடி ஏறுவது மேல் என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். 5-இலிருந்து 8-க்குப் போனால் கிடைப்பது 2 டெசிபல். எதிர்முனையில் இருப்பவர் காதில் அது விழவே விழாது.

சிக்னல் துண்டு துண்டாக வந்தால் ஒரு எட்டு நகருங்கள். கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைகளும் நேராக வருபவையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அரை மீட்டர் தள்ளி அதே அலைகள் கூடிப் பலம் பெறும். நல்ல இடம் கிடைத்ததும் பேசியபடியே நடக்காதீர்கள். அங்கேயே நில்லுங்கள்.

காருக்குள்ளிருந்து பேசுவது தகரப் பெட்டிக்குள்ளிருந்து பேசுவதுதான். கூரையில் காந்த ஆண்டெனா ஒட்டுங்கள். இல்லாவிட்டால் இறங்கிப் பேசுங்கள்.

8. உயரே போனதும் மோசமானால்

மொட்டை மாடிக்கு ஏறினேன், பெரிய ஆண்டெனாவும் போட்டேன், முன்பைவிடக் கேட்கவில்லை என்பது வினோதமான புகார் அல்ல. பக்கத்தில் எஃப்எம் வானொலிக் கோபுரமோ வேறு டிரான்ஸ்மிட்டர்களோ இருந்தால், பெரிய ஆண்டெனா அவற்றையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். மலிவான செட்டுகளில் ரிசீவரின் முன்பகுதி (சிக்னல் முதலில் நுழையும் சுற்று) அந்தப் பலத்தில் செவிடாகிவிடும்.

சோதனை சுலபம். ஒரு மெல்லிய சிக்னலைக் கேட்டபடி பெரிய ஆண்டெனாவைக் கழற்றிச் சிறியதைப் போடுங்கள். சிக்னல் தெளிந்தால் செவிடான செட்தான். சிறிய ஆண்டெனாவோடு இருங்கள், அல்லது கோபுரத்துக்கும் உங்களுக்கும் நடுவில் மாடிப்படி அறை வரும்படி நில்லுங்கள்.

வீட்டுக்குள் ஸ்குவெல்ச் தானாகத் திறந்து திறந்து மூடுவது வேறு நோய். எல்இடி விளக்கு, ஃபோன் சார்ஜர், இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் குற்றவாளி மாட்டிவிடும்.

9. பிடிடியை அழுத்திய பிறகு

அழுத்தியதும் பேசாதீர்கள். மனதுக்குள் ஒன்று எண்ணிவிட்டுத் தொடங்குங்கள். ரிப்பீட்டர் டோனை அடையாளம் காண ஒரு கணம் வேண்டும். கேட்பவர்களின் செட்டுகளும் பேட்டரி சேமிப்புக்காகத் தூங்கித் தூங்கி விழிக்கின்றன. கால் சைனின் முதல் பாதி மட்டும் எப்போதும் தொலைகிறது என்றால் இதுதான்.

மைக்குக்கும் வாய்க்கும் நான்கு விரல் இடைவெளி. நேராக ஊதாமல் சற்றுப் பக்கவாட்டில் பேசுங்கள், சாதாரணக் குரலில். எஃப்எம்மில் கத்தினால் தூரம் கூடாது, குரல்தான் சிதையும்.

சரியாக 60 விநாடியில் அறுந்துபோகிறது என்றால் டைம் அவுட் அமைப்பு. அதை நீட்டலாம், ரிப்பீட்டருக்கும் சொந்தமாக ஒன்று உண்டு, அதை நீங்கள் நீட்ட முடியாது. சுருக்கமாகப் பேசி, அடுத்தவர் நுழைய ஓர் இடைவெளி விடுங்கள்.

10. கம்ப்யூட்டரில் புரோகிராம் செய்யும்போது

செட்டைப் புரோகிராம் செய்யும் சர்ப் (CHIRP) மென்பொருளில் முதல் வேலை எப்போதும் செட்டிலிருந்து படிப்பது. படித்ததைத் தேதி போட்டுச் சேமியுங்கள், அதைத் தொடாதீர்கள். ஒரு நகலில்தான் மாற்ற வேண்டும். நண்பர் அனுப்பிய கோப்பை அப்படியே உங்கள் செட்டில் எழுதாதீர்கள். மாடலின் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ஃபர்ம்வேர் வேறாக இருக்கலாம். அவருடைய சேனல் பட்டியலை மட்டும் நகலெடுத்து, உங்கள் கோப்பில் ஒட்டி எழுதுங்கள்.

"செட் பதில் தரவில்லை" என்று வந்தால் பத்தில் எட்டுத் தடவை பிளக் முழுதாக உள்ளே போகவில்லை. பிளாஸ்டிக் உறை செட்டின் விளிம்பில் இடித்துக்கொண்டு நிற்கும். க்ளிக் என்று உட்காரும்வரை அழுத்துங்கள். தேவைப்பட்டால் உறையைக் கத்தியால் கொஞ்சம் சீவலாம். மீதிக்குக் கேபிளுக்குள் இருக்கும் சிப்பும் அதன் டிரைவரும் காரணம்.

11. மழை

நனைந்த செட்டை ஆன் செய்து பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், ஆண்டெனாவைக் கழற்றுங்கள், துணியால் ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் வையுங்கள். அரிசிப் பானை வேண்டாம். அரிசித் தூசி குழிகளுக்குள் போய் ஒட்டும். கடல் நீர் பட்டிருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். உப்பு உள்ளே இருக்கும்வரை அரித்துக்கொண்டே இருக்கும். அன்றைக்கே தெரிந்தவரிடம் கொடுத்துத் திறந்து ஆல்கஹாலால் கழுவச் சொல்லுங்கள்.

12. ரீசெட்டும் ரிப்பேரும்

ரீசெட்டைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. அது பிழையோடு தடயத்தையும் அழித்துவிடும். மெமரி முழுதும் போகும். சில செட்டுகள் ரீசெட் ஆனதும் சீன மொழியில் பேச ஆரம்பிக்கும். கேபிள் இருந்தால் முதலில் படித்துச் சேமியுங்கள். கேபிள் இல்லாவிட்டால் ரிப்பீட்டரின் நான்கு தகவல்கள் நோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு ரீசெட் செய்யுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் செட்டைத் திறக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். "வேலை செய்யல" என்று மட்டும் சொல்லாதீர்கள். மானிட்டர் இரைச்சல் வருகிறதா, பிடிடியில் சிவப்பு விளக்கு எரிகிறதா, அழுத்தும்போது பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது, 100 மீட்டரில் சிம்ப்ளக்ஸ் கேட்டதா, ஆண்டெனாவை அசைத்தால் மாறுகிறதா என்ற ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதி, ரப்பர் பேண்டு போட்டுச் செட்டோடு கட்டிக் கொடுங்கள். பேட்டரியையும் ஆண்டெனாவையும் சேர்த்தே கொடுங்கள். அவற்றை வீட்டில் வைத்துவிட்டு வெறும் செட்டை மட்டும் கொண்டுவருகிறவர்கள்தான் அதிகம்.